எத்திராஜ் ஓட்டு

எங்கள் வீட்டுக்காரருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் சண்டை வரவில்லையே என்று தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். புருஷன் கட்சிக்காரர். பெண்டாட்டி அதே கட்சியை எதிர்த்து வார்டு தேர்தலில் சுயேச்சை. ஒரு சண்டைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பால் வாங்கப் போகிறவர்கள்கூட எங்கள் சந்துக்கு வந்ததும் நடையைத் தளர்த்திக் காதைத் தீட்டிக்கொண்டு போனார்கள். கேட்டதெல்லாம் கிரைண்டர் ஓடுகிற சத்தம்தான்.

நூம்பலில் அந்த வீட்டு மாடி போர்ஷனில் நான் குடியிருந்தேன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். மண்ணூர்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் சரக்கை அளந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லும் வேலை. என் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருந்தது. மாற்றிக்கொள்ளச் சோம்பல். அதனால் இரண்டு பேருமே என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. அதனாலேயே இரண்டு பேரும் என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள். ஓட்டில்லாதவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருக்கிறது.

எத்திராஜ் வேலை செய்த காலமெல்லாம் மண்ணூர்பேட்டை பிரஸ் ஷாப்புகளில் தகரம் அடித்தவர். மிஷின் சத்தத்தில் காது மந்தமாகி, அவர் ரகசியம் பேசினால் வேலப்பன்சாவடி வரை கேட்கும். ஓய்வுக்குப் பிறகு முழு நேரமும் கட்சிதான். கொடி கட்டுவது, கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது, தேர்தல் அன்று பூத்துக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்து ஒவ்வொரு பேராக டிக் அடிப்பது. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் கல்யாணமாகிப் போனாள், யார் செத்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கட்சிக்கரை போட்ட வேட்டி தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி வேம்புலியம்மாள் வீட்டு வாசலில் காலை நாஷ்டா கடை போட்டிருந்தார். இட்லி, வடகறி. ஊறிய கடலைப் பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, வேகவைத்து உதிர்த்து, பட்டை கிராம்போடு அவர் கொதிக்கவிடும் வாசனைக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்தாமல் போவது சிரமம். சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் விட்டுப்போனபோது, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் லாரியை மறித்து உட்கார்ந்தவர் அவர்தான். அதனால் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்ததும், கட்சி வேம்புலிக்குத்தான் சீட்டு கொடுக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எத்திராஜும் நினைத்தார். விருப்ப மனுவை அவர் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சீட்டு புது அடுக்குமாடியில் இருக்கும் ஒரு கட்டடக் கான்டிராக்டர் மனைவிக்குப் போனது. அந்த அம்மாள் எங்கள் தெருவுக்கு அதுவரை வந்ததில்லை. வந்தபோது காரை விட்டு இறங்கப் பள்ளம் தடுத்தது.

தெருப் பெண்கள் விடவில்லை. அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்யும் சாமுண்டீஸ்வரி முன்னால் நின்று, “நீ நில்லுக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்றாள். வேம்புலியம்மாள் சமையலறையில் புருஷனிடம் கேட்டது படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

“நிக்கச் சொல்றாங்கய்யா. இன்னா சொல்ற?”

“உன் இஷ்டம்மே. நான் தடுக்க மாட்டேன். கூட வரவும் மாட்டேன்.”

அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த அரசியல் விவாதம். வேம்புலியம்மாளுக்கு இஸ்திரிப் பெட்டி சின்னம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடையை ஏறக்கட்டியதும் இரண்டு பேரும் ஒரே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள். அவர் கட்சி நோட்டீஸோடு இடது பக்கம் திரும்புவார். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டி நோட்டீஸோடு வலது பக்கம் திரும்புவார். மாசி வெயில் அப்போதே சுள்ளென்று அடிக்க ஆரம்பித்திருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் செம்மண் படிந்த காலோடு திரும்பி, ஒன்றாக உட்கார்ந்து சோறும் நெத்திலிக் குழம்பும் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் என்னையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். எத்திராஜ் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஏரிக்கரத் தெருவுக்கு மத்தியானம் போவாதமே. பொம்பளைங்கல்லாம் வேலைக்குப் பூட்டிருப்பாங்க. சாயங்காலம் வெளக்கு வெக்கசொல்ல போ” என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்க தோஷம். எதிரி வேட்பாளருக்கு யோசனை சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

வேம்புலியம்மாள் அந்த வாய்ப்பை விடவில்லை. “ஊர்ல எல்லாராண்டயும் கேக்குறேன். ஊட்ல கீற ஓட்ட கேக்கக் கூடாதா?”

“கேளு. உன் புள்ள அருள கேளு. என்ன மட்டும் கேக்காத.”

“ஏன், உன்து இன்னா தங்கத்துல செஞ்ச ஓட்டா?”

“மொத தபா போட்டதுலேர்ந்து ஒரே சின்னத்துல போட்டுகினு வர்றேன். தோத்தப்பவும் மாத்தல, ஜெயிச்சப்பவும் மாத்தல. ஜொரத்தோட ஆட்டோல படுத்துகினு போயி போட்டேன், நீதான இட்டுகினு போன. இப்ப உனக்கோசரம் மாத்திட்டேன்னு வெச்சிக்க, அப்பால என்ன எனக்கே அடையாளம் தெரியாது.”

“நான் பொண்டாட்டி.”

“அதான் சோறு துண்றேன் உன் கையால. ஓட்டு வேறமே.”

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. எனக்குத்தான் கோபம் வந்தது. இப்படி ஒரு மனுஷனா என்று இருந்தது. “சரி உடு. கொயம்பு போதுமா?” என்று கேட்டுவிட்டு, அவர் போதும் என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி ஊற்றினார்.

இந்த விசுவாசத்துக்குக் கட்சி செய்த மரியாதை சீக்கிரமே வந்தது. வட்டச் செயலாளர் லோகநாதன் டீக்கடையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். எத்திராஜிடம் தனியாகப் பேசினாலும் ஊரோடு பேசின மாதிரிதான். நானும் டீக் குடித்துக்கொண்டிருந்தேன்.

“மேலேர்ந்து வந்துட்ச்சி அண்ணாத்தே. அடிப்படை உறுப்பினர்லேர்ந்தே எடுத்துட்டாங்க. அண்ணி நிக்கிறதுக்கு உன் தலைல கை வெச்சிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

எத்திராஜ் டீயை ஆற்றினார். “நம்ப தெருவுக்கு பூத் சிலிப்பு யாரு குடுப்பா?”

“இன்னாண்ணா?”

“பூத் சிலிப்பு. யாரு குடுப்பான்னு கேட்டேன்.”

“வேற பையன போடணும்.”

“அவனுக்கு ஊடு தெரியாது லோகு. ஒரே பேர்ல நாலு பேரு கீறாங்க இங்க. குடு, நானே குடுத்துட்றேன்.”

லோகநாதன் பையிலிருந்து சிலிப்புக் கட்டை எடுத்தார். கொடுத்துவிட்டுப் போனார். நான் பொறுக்கமாட்டாமல், “உங்களை நீக்கிட்டாங்கல்ல, இனிமேயும் எதுக்கு அவங்களுக்கு அலையுறீங்க?” என்று கேட்டேன்.

“நீக்குனது அவங்க சார். நான் ஒண்ணும் நீங்கலியே” என்றார்.

மறுநாளும் அதே கரை வேட்டியில்தான் போனார். அதற்கடுத்த நாளும். தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு காலையில், சிலிப்புகளைக் கொடுத்துவிட்டு வந்து கிரைண்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். வேம்புலியம்மாள் சொம்போடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. மகன் அருள்மொழியும் நானும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆட்டோவில் ஒட்டியிருந்த விளம்பரத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு வந்தேன்.

ஷாமியானா போட்டார்கள். நாற்காலிகள் வந்தன. ஐஸ் பெட்டி வந்து, கரண்டு இழுத்து, அது உர்ரென்று ஓட ஆரம்பித்தது. குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். கரையில்லாத வெள்ளை வேட்டியில் அவரை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ போலிருந்தார். வேம்புலியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தார். சாமுண்டீஸ்வரியும் மற்ற பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த அம்மா ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படியும் ஈரத்தை முந்தானையால் துடைப்பதும், அது மறுபடி படிவதைப் பார்ப்பதுமாக இருந்தார்.

எல்லோருடைய கண்ணும் தெருமுனையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர் செத்தால் முதலில் கட்சியிலிருந்து ஆள் வந்து உடல்மேல் கொடி போர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் மாலை, மரியாதை எல்லாம். நூம்பலில் வருஷக்கணக்காக அந்தக் கொடியைப் போர்த்தியவர் எத்திராஜ். அதற்கென்றே பரணில் ஒரு பையில் மடிப்புக் கலையாத கொடிகள் வைத்திருந்தார். சாவுச் சேதி வந்தால் சட்டையைக்கூட மாட்டாமல் கொடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். தனக்கு வரும் என்று நினைத்துத்தான் ஓடியிருப்பார். எந்த மனுஷனும் அப்படித்தான் நினைப்பான்.

வெயில் ஏறிய பிறகு லோகநாதன் வந்தார். பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். கரை வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கையில் ரோஜா மாலை மட்டும். அதைப் போட்டுவிட்டு வேம்புலியம்மாள் பக்கத்தில் குந்தினார்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காத. மாவட்டச் செயலாளராண்ட பேசிட்டேன். ஒரே ஒரு வார்த்த நீ சொன்னா போதும். போட்டிலேர்ந்து ஒதுங்கிக்கிறேன்னு. பேரு மிஷின்லேயே இருந்துட்டு போவட்டும், பரவால்ல. நீ சொல்றத போன்ல எடுத்துகினு போய் காட்டிட்டா, நானே கொடியோட வந்து எறங்கறேன். பெரியவங்கள்லாம் வருவாங்க. அண்ணாத்தே கௌரதையா போவாரு.”

அருள்மொழி முன்னால் வந்தான். வேலைக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான்.

“மா, சொல்லிடும்மா. நைனாவுக்கு இத்தவுட இன்னா வோணும்? நீ கவுன்சிலராயி இன்னாம்மா பண்ணப்போற?”

“டேய், உங்கம்மாவுக்கோசரம் தெருவே அலஞ்சிகினு கீது” என்றாள் சாமுண்டீஸ்வரி. “பொணத்தாண்ட குந்திகினு இன்னா பேச்சு இது?”

“உனக்கு இன்னாக்கா தெரியும்? கட்சி கட்சின்னே பூட்டாரு. கடைசில அனாத மாதிரி போணுமா?”

அவன் அழுதான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும், அந்த அம்மா சொல்லிவிட்டால் என்ன என்றுதான் தோன்றியது. வார்டு கிடக்கிறது, ஆயிரம் தேர்தல் வரும். எத்திராஜ் ஒரே தடவைதான் போவார். வேம்புலியம்மாள் கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு லோகநாதனைப் பார்க்காமலே கேட்டார்.

“லோகு, உங்க நைனா செத்தப்ப கொடி போத்துனது யாரு?”

“அண்ணாத்தேதான்.”

“அப்ப உங்க நைனா கட்சில இருந்தாரா?”

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லண்ணி. சண்ட போட்டுகினு வெளிய வந்துட்டாரு. எடுத்துட்டாங்க.”

“இவரு யாராண்ட கேட்டு போத்துனாரு?”

“யாராண்டயும் கேக்கல.”

“உன்னாண்ட இன்னா வார்த்த கேட்டாரு?”

“ஒண்ணும் கேக்கல அண்ணி.”

“சரி, போயி டீ குடி” என்றார் வேம்புலியம்மாள். “காலைலேர்ந்து ஒண்ணும் துன்ன மாதிரி தெரியல நீ.”

லோகநாதன் எழுந்து போனார். போகும்போது துக்கத்தில்தான் போனார். கொடி கொண்டுவந்துவிடுவார் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். வரவில்லை. அவருக்கும் அடுத்த பொறுப்பு, பிள்ளைக்கு வேலை என்று என்னென்னவோ இருந்திருக்கும்.

மேளக்காரர்கள் வந்த பிறகு அருள்மொழி ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி அந்தப் பையை இறக்கினான். ஒரு கொடியை உருவி விரித்தான். வேம்புலியம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

“வெச்சிடு.”

“மா...”

“வெச்சிடு அருளு. கட்சிக்காரன் போத்துனாத்தான் அது கொடி. நாம போத்துனா வெறும் துணி. உங்க நைனாவுக்கு அது தெரியும்.”

மடித்து வைத்தான். கொடி இல்லாமலே உடலை எடுத்தார்கள். தெருமுனை டீக்கடையில் கட்சிக்காரர்கள் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மேளம் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றினார்கள். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். யாரும் கூட வரவில்லை. பூ விழுந்த தார் ரோட்டில் பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன.

பிரச்சாரம் அதோடு நின்றது. சாமுண்டீஸ்வரி மட்டும் வேலை முடிந்து வரும்போது இரண்டு தெருவுக்குப் போய் வந்தாள். கடை திறக்கவில்லை. கிரைண்டர்மேல் கோணி போட்டு மூடியிருந்தது. அருள்மொழி வெளியிலிருந்து பார்சல் வாங்கிவருவான். அந்த அம்மா பாதியைச் சாப்பிட்டுப் பாதியைத் தெருநாய்க்கு வைப்பார். மாடிப்படியில் என் கால் சத்தம் கேட்டால் மட்டும், “சாப்ட்டியா சார்?” என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

ஓட்டுப்பதிவு அன்று புதுப் பேச்சு கிளம்பியது. பதினாறாம் நாள் காரியம் ஆகாமல் தாலியறுத்தவள் படி தாண்டலாமா? உறவுக்காரப் பெண்கள் கூடாது என்றார்கள். சாமுண்டீஸ்வரி, “நிக்கிறவளே ஓட்டு போட வரலன்னா எவ வருவா?” என்று மல்லுக்கு நின்றாள். யாரும் வேம்புலியம்மாளைக் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, அடையாள அட்டையோடு வெளியே வந்தார்.

“சார், உன் வண்டில ஏத்திகினு போறியா? நடக்க ஆவல” என்றார்.

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். எனக்கு உள்ளே வேலை இல்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். வேட்பாளர் என்று முன்னால் விடச் சொன்னார்கள் போலிருக்கிறது, அவர் வரிசையிலேயே நின்றார். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய்ச் சீக்கிரமே வந்துவிட்டார். விரலில் மை. முகத்தில் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏறிக்கொண்டார்.

கான்டிராக்டர் மனைவிதான் ஜெயித்தார். எங்கள் பூத்தில் வேம்புலியம்மாள் முந்தினார். அடுக்குமாடிப் பக்கத்துப் பூத்துகள் கவிழ்த்துவிட்டன. கணிசமான வித்தியாசம். வெடிச் சத்தம் ஓயும்வரை சாமுண்டீஸ்வரி எங்கள் வாசலில் உட்கார்ந்து கட்சியையும் அடுக்குமாடியையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். வேம்புலியம்மாள் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் கடை திறந்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தேன். அவர் வடகறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கூட்டம் இன்னும் வரவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டும் என்று, “நம்ம பூத்துல நீங்கதாம்மா முதல்ல வந்தீங்க. எத்திராஜ் சார் இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பாரு” என்றேன்.

“இன்னும் ஒண்ணு கூட வந்திருக்கும்” என்றார்.

“என்னம்மா?”

கரண்டியைத் தட்டி வைத்தார். “உள்ள லிஸ்ட்ல என் பேருக்கு மேல அவுரு பேரு. ஏஜெண்டா ஒக்காந்த புதுப் பையன் ஸ்கேல வெச்சிகினு, எத்திராஜ் வர்லியான்னு கேட்டான். அவனுக்கு இன்னா தெரியும், பாவம். செத்துட்டாருப்பான்னேன். கோடு போட்டு அடிச்சிட்டான். இவரு எத்தினி பேர அப்டி அடிச்சிருப்பாரு.”

நான் ஒரு தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“மிஷினாண்ட போனேன். என் பேரு கீது, இஸ்திரிப் பொட்டி கீது. வெரலு அங்கதான் போச்சு. அப்பால நின்னுட்டேன். மொத தபாலேர்ந்து ஒண்ணு உடாம போட்ட மனுசன் சார். ஜொரத்தோட போனாரு. இந்தத் தபா போடாம பூட்டாரேன்னு இருந்திச்சு.” அடுப்பைத் தணித்தார். “அவுரோடத போட்டுட்டு வந்துட்டேன்.”

“கொடிகூடப் போர்த்தாத கட்சிக்கா?”

“கட்சிக்கு எங்க போட்டேன், அவுருக்குப் போட்டேன்.”

“அப்ப உங்க ஓட்டு?”

இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“என்து இன்னா சார். நான்தான் உசுரோட கீறனே. அடுத்த தபா போட்டுக்கலாம்.”